ட்ரெபிள் ஜாஸ்தி

ஆரோக்கியசாமிக்கு மூக்கு மேல் கோபம். ஆம்பூரில் பாட்டு ரெக்கார்டிங் செய்கிறவர்களில் அவனைப்போல் எடுத்ததற்கெல்லாம் சண்டைக்குப் போகிற ஆள் வேறு யாருமில்லை. அன்றைக்கும் அப்படித்தான். நாலு நாளைக்கு முன்பு வாங்கிய ஸ்பீக்கர் ஜோடியைப் பழையபடி அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டி, வேலூர் பஸ் ஏறி, லாங் பஜாரில் கைவண்டிக்கும் பைக்குக்கும் நடுவில் இடிபட்டுக்கொண்டே ஹபீப் பாயின் கடைக்குள் நுழைந்தான்.

"இன்னா பாய், செத்துப்போன பொருள என் தலையில கட்டிட்டீங்க? ரெண்டுலயும் சன்ன சத்தம் வரவே இல்ல."

ஹபீப் பாய் லேசில் பதறாத மனிதர். "ரெண்டுலயுமா? ஒக்காருப்பா, போட்டுப் பாக்கலாம்" என்றார்.

ஆரோக்கியசாமி தன் போனிலிருந்தே போட்டான். ஸ்பீக்கரைச் சோதிப்பதற்கென்று இருக்கிற ஒரே நீளச் சத்தம் அது. அடியில் உறுமலாக ஆரம்பித்து, மேலே ஏறி ஏறி, கொசு ரீங்காரமாக மெலிந்து முடியும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று திரையில் எண் ஓடும். ஸ்டுடியோ வைத்து ஆறு வருஷமாகிறது, இந்தச் சோதனையை இப்போதுதான் முதல் தடவையாகப் போட்டிருக்கிறான். அதையும் ஸ்பீக்கர்மேல் சந்தேகப்பட்டுத்தான் போட்டான்.

ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம். நாலாயிரத்தைத் தாண்டியதும் சத்தம் நின்றது. "பாத்தீங்களா? போச்சா?" என்று ஜெயித்தவன்போல் சுற்றிலும் பார்த்தான்.

ஹபீப் பாய் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். பில் போடுகிற வஹீதா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "பாய், நிறுத்துங்க பாய், மண்டை வலிக்குது!" என்று கத்தினாள். டீ கொண்டுவந்த ஆள் வாசலிலேயே நின்றுவிட்டார். போனில் எண் மட்டும் ஆறாயிரம், எட்டாயிரம் என்று ஏறிக்கொண்டிருந்தது. கடை முழுக்க அந்தச் சத்தத்தில் நெளிய, ஆரோக்கியசாமி ஒருவன் மட்டும் சிரித்த முகத்தோடு நின்றான்.

ஹபீப் பாய் எட்டிப் போனை அணைத்தார். "ஸ்பீக்கர் நல்லா கீதுப்பா. நீ முன்ன தோல் கம்பெனியில இருந்த இல்ல? எத்தினி வருசம்?"

"பதிமூணு."

"எந்த மிஷினு?"

"ஷேவிங்கு."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். டீயைக்கூடத் தொடாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பினான்.

ஷேவிங் மிஷின் என்றால் தோலைத் தேவையான கனத்துக்குச் சீவுகிற மிஷின். நாளெல்லாம் காதுக்குப் பக்கத்திலேயே அலறும். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டவனைப் பார்த்துக் கேலி பேசுகிறவர்களில் ஆரோக்கியசாமிதான் முதல் ஆள். சரி, காது போனதுதான் போனது, பாட்டு மிக்ஸ் செய்கிறவன் வேறு யாரிடமாவது கொடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டாமா? கேட்டான், கேட்காமல் இல்லை. யாரிடம்? பத்து வருஷம் பக்கத்து மிஷினில் நின்ற சர்தார் பாஷாவிடம்! அவன் தலையாட்டினால்தான் ஸ்டுடியோவிலிருந்து பாட்டு வெளியே போகும். "வார்த்தை தெரியல தோஸ்த், ட்ரெபிள இன்னும் ஜாஸ்தி பண்ணு" என்பான் பாஷா. ஆரோக்கியசாமியும் அந்தச் சன்ன சத்தத்தை ஏற்றுவான். இரண்டு அரைச்செவிடர்கள் கூடி உட்கார்ந்து ஊருக்கே தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள், கொடுமையைப் பாருங்கள்.

பஸ் பள்ளிகொண்டா தாண்டும்போதுதான் அவனுக்கு மெர்சி ஞாபகம் வந்தாள்.

மெர்சி ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிற பெண். சர்ச் பாடகர் குழுவில் அவள் குரல்தான் குரல். சபையின் ஐம்பதாம் ஆண்டுக்கு ஒரு புதுப் பாட்டு, அதை அவள்தான் பாடுவதாக இருந்தது, பதிவு செய்கிற பொறுப்பு ஆரோக்கியசாமிக்கு. மூன்று வாரத்துக்கு முன்பு குழுவில் மற்ற பதினெட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவளை இருபத்திரண்டு தடவை பாட வைத்தான். "வாயில இன்னா பாக்கு அடக்கிக்கினு பாடறியா? 'ச' வரல, 'ஸ' வரல. நாக்கு தடிச்சிப்போச்சா?" என்று மைக்கிலேயே கேட்டான். யாரோ சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் அழுத்தி அழுத்திப் பாடினாள். கடைசியில் பாட்டைப் பிடுங்கி, கணீரென்று கத்துகிற ராஜேஷிடம் கொடுத்துவிட்டான். அதற்கப்புறம் மெர்சி பயிற்சிக்கே வரவில்லை.

பக்கத்து சீட்டுக்காரர் மணி என்ன என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சோபனாவை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தான். மெர்சி முதல் தடவை பாடியதை எதுவும் சேர்க்காமல் அப்படியே போட்டான். பிறகு ராஜேஷை வைத்து மிக்ஸ் செய்து முடித்ததைப் போட்டான்.

"மொத பாட்டு நல்லா கீது. ரெண்டாவது காதுல ஊசி குத்தறாப்பல கீது" என்றாள் சோபனா.

"மொத பாட்டுல 'ச' கேக்குதா?"

"ஏன் கேக்காம? ஒவ்வொரு வார்த்தையும் தெரியுதே."

"இவ்ளோ நாளா என் பாட்டு குத்துதுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னேன், ரெண்டு தடவ. 'உனக்கு இன்னா தெரியும், போய்க் கொழம்பப் பாரு'ன்ன. அப்புறம் நான் ஏன் சொல்லப்போறேன்?"

அப்படிச் சொன்னது அவனுக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பான் என்பதில் சந்தேகமும் இல்லை. சீ, நானும் ஒரு மனுஷனா என்று வந்தது அவனுக்கு.

மறுநாள் ஷிப்ட் விடுகிற நேரத்தில் ஷூ கம்பெனி கேட்டுக்கு எதிரே போய் நின்றான். பத்துப் பெண்களோடு பேசிக்கொண்டே வந்த மெர்சி, அவனைக் கண்டதும் பேச்சை நிறுத்தினாள்.

"மெர்சி, அன்னிக்கு நீ ஒழுங்காதான் பாடுன. எனக்குத்தான் கேக்கல. காது போச்சு."

அவள் அவனையே பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தான், மடையன். "பல் டாக்டர்கிட்ட போனேண்ணா. அவர் ஒண்ணுமில்லன்னாரு, நான் நம்பல" என்றாள். "வூட்ல கண்ணாடி முன்னாடி நின்னு 'ச, ச'ன்னு சொல்லிப் பாத்துக்கினே இருந்தேன். எங்கூட்டுக்காரர் சிரிச்சாரு. அப்புறம் கொழந்தையத் தூங்க வெக்கக்கூடப் பாடல."

"மன்னிச்சிரும்மா" என்றான்.

"இங்க தனியா சொன்னா ஆச்சா? பதினெட்டுப் பேரு முன்னாடி இல்ல கேட்டீங்க."

சனிக்கிழமை பயிற்சிக்குப் பதினெட்டுப் பேரையும் ஸ்டுடியோவுக்கே வரச் சொன்னான். மெர்சியும் வந்து கதவோரம் நின்றாள். அவன் எழுந்து நின்று, ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்கப் போனதிலிருந்து எதையும் விடாமல் சொன்னான். சொல்லச் சொல்லக் காதுமடல் சுட்டது. மெர்சியிடம் அன்று கேட்ட வார்த்தைகளையும் அப்படியே திரும்பச் சொல்லி, "தப்பு என் பேர்ல" என்றான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப நீ இதுவரைக்கும் போட்ட பாட்டெல்லாம்?" என்று ராஜேஷ் கேட்டான்.

"எல்லாமே ட்ரெபிள் ஜாஸ்திதான்."

பிறகு ராஜேஷே மெர்சிக்கு வழிவிட்டு, "நீ பாடு" என்றான்.

அவள் பாடினாள். ஒரே தடவைதான். பாடி முடித்ததும் ஆரோக்கியசாமி அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கிற குமிழைக் காட்டினான். "நீங்கள்லாம் கேட்டுச் சொல்லுங்க. எங்க சரியா கீதோ அங்க நிறுத்தும்மா."

மெர்சி குமிழைத் திருப்பினாள். குழு சொல்லச் சொல்ல, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். ஒவ்வொரு திருப்புக்கும் அவன் காதில் ஒரு வார்த்தை மங்கியது. ஓரிடத்தில் வந்ததும் பதினெட்டு முகமும் மலர்ந்தன. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள். ஆரோக்கியசாமிக்குப் போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல்தான் இருந்தது. குமிழைத் திரும்ப ஏற்றிவிடக் கை பரபரத்தது. இப்படியொரு மிக்ஸை அவன் வாழ்நாளில் வெளியே விட்டதில்லை.

"போதுமாண்ணா?" என்றாள் மெர்சி.

"என்னக் கேக்காத, அவங்களக் கேளு" என்றான்.

எல்லோரும் போதும் என்றார்கள். அவன் குனிந்து, தன் காதுக்குப் பாதிகூடக் கேட்காத அந்தப் பாட்டை அப்படியே சேமித்தான்.