ஆர்டிஸ் உதைத்த பந்து

கெட்டில் க்ரோவ் ஊரில் லோவெல் தோர்ஸ்டாட் கைவைக்காத நல்ல காரியம் கிடையாது. பொடிசுகள் குதித்துக் கும்மாளம் போடும் நீச்சல் குளம், வருஷக்கணக்கில் சனிக்கிழமை தோறும் பான்கேக் சுட்டு விற்று அவர் கட்டவைத்தது. லூத்தரன் தேவாலயத்தின் கூரை ஒழுகினால் முதல் ஏணி அவருடையது. அவருடைய மரச்சாமான் கடை சோபாவில் உட்காராத பிட்டம் இந்த ஊரிலேயே இல்லை என்பார் மாட்டு டாக்டர் டெல்மர். பக்கத்தில் பாஸ்டர் அம்மா நின்றாலும் சொல்வார், அவருக்கென்ன.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு ஏக்கம். கோல்ஃபில் பதினெட்டுக் குழிகளையும் மட்டையால் எண்பது அடிக்குக் குறைவாக அடித்து முடித்ததே இல்லை. முடித்தவர்களின் பெயரைச் சூட்டுக்கோலால் பொறித்து வைக்க கிளப்பில் ஒரு பெரிய ஓக் பலகை தொங்குகிறது. அதை இழைத்துக் கொடுத்ததே லோவெல்தான். அதில் டெல்மர் பெயர் இருக்கிறது, தபால்காரர் பெயர் இருக்கிறது, டெல்மரின் மாமியார் பெயர்கூட இருக்கிறது. வயிற்றெரிச்சலுக்கு இது போதாதா?

"பலகை உன்னோடது, பேரு எங்களோடது," என்று டெல்மர் வாரத்துக்கு ஒருமுறையாவது சீண்டுவார்.

"உன் மாமியா பேருக்குத் தனியா மெழுகு போட்டுத் துடைக்கிறேன்டா. நிம்மதியா இரு," என்பார் லோவெல்.

இரண்டு வருஷமாக அவர் கண்ணின் நடுவே புகைமூட்டம். ஓரப் பார்வையில் குழியில் நட்ட கொடிக்கம்பம் தெரியும், எதிரே நிற்பவர் முகம் தெரியாது. கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். லோவெல் கடையை மகளிடம் ஒப்படைத்தார், கார் சாவியை ஆணியில் மாட்டினார். கோல்ஃபை மட்டும் விடவில்லை. காலடியில் இருக்கும் பந்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்து அடித்துவிடுவார். அது எங்கே போய் விழுந்தது என்று சொல்வது மனைவி ஆர்டிஸ்.

கோல்ஃபை ஒரு வியாதி என்று கல்யாணமான நாள் முதல் திட்டிக்கொண்டிருந்த அதே ஆர்டிஸ்தான். இப்போது கோல்ஃப் வண்டியை ஓட்டிக்கொண்டு கணவரோடு புல்வெளியெல்லாம் அலைகிறாள். சட்டையில் கறை இருக்கிறதா, எதிரே வருவது யார், எல்லாவற்றுக்கும் அவள் வார்த்தைதான். "ஆர்டிஸ் சொன்னா சரி," என்பார். மறுகேள்வி கிடையாது.

நீச்சல் குளத்துக்காக வருஷா வருஷம் நடக்கும் போட்டி அந்தச் சனிக்கிழமை. அன்றைக்கு லோவெலுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, தொட்டதெல்லாம் துலங்கியது. பத்தாம் குழியில் டெல்மர் கிண்டலை நிறுத்தினார். பதினைந்தாம் குழியில் மூச்சையே அடக்கிக்கொண்டார். எண்பதுக்குள் முடிந்துவிடும் போலிருந்தது.

பதினாறாம் குழியில்தான் வினை. லோவெல் அடித்த பந்து ஓரத்து மரத்தின் இரண்டு வேர்களுக்கு நடுவே போய்ச் செருகிக்கொண்டது. அங்கிருந்து அடித்து எடுக்க யாராலும் ஆகாது. டெல்மர் தன் பந்தைத் தேடிச் சோளக்காட்டுக்குள் நுழைந்திருந்தார். ஆர்டிஸ் மரத்தடியில் நின்றாள். வண்டியில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தபடி, பரிசுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் இருந்தார். அவளுடைய இடது கால் அவளைக் கேட்காமலே ஓர் உதை விட்டது.

"எங்கம்மா கிடக்கு?"

"நல்ல இடத்துலதான் கிடக்கு, லோவெல்."

அவர் இறங்கி வந்து ஒரே அடியில் பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பதினெட்டும் முடிந்தபோது மொத்தம் எழுபத்தொன்பது.

கிளப்பில் ஒரே அமர்க்களம். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெந்த ஹாட்டிஷ் ஆவி பறக்க மேஜைக்கு வந்தது. யாரும் தொடவில்லை. டெல்மர் சூட்டுக்கோலை அடுப்பில் வைத்துவிட்டார். ஆர்டிஸ் மட்டும் பலகைப் பக்கமே திரும்பவில்லை. தேடிக்கொடுக்கும் ஆள் நகர்த்திய பந்தைப் பழைய இடத்தில் வைக்காமல் அடித்தால் ஆடுபவர் கணக்கில் இரண்டு அடி ஏறும். முன்பெல்லாம் ஆட்டத்தை எட்டிக்கூடப் பார்க்காதவளுக்கே அது தெரியும். ஏனென்றால் ஒருமுறை கிளப்பின் இறுதி ஆட்டத்தில், மட்டையை வைத்ததும் பந்து மயிரிழை அசைந்தது என்று தானாகவே சொல்லித் தன் கணக்கில் ஓர் அடியைச் சேர்த்துக் கோப்பையை இழந்த மனிதர் லோவெல். வேறு யாரும் பார்க்கவேயில்லை. இன்றைக்கும் ஊர் அதைச் சொல்லிச் சிரிக்கும், சிரித்து முடித்ததும் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றும்.

அடிக்கணக்கு எழுதிய அட்டை, டெல்மரின் சாட்சிக் கையெழுத்தோடு, லோவெலின் கையெழுத்துக்கு வந்தது. லோவெல் பேனாவை எடுத்தார்.

"ஆர்டிஸ், கோடு எங்க இருக்கு? என் விரலைப் பிடிச்சு வை."

அவர் விரலைப் பிடித்தாள். சூடாக இருந்தது. அதை அட்டையில் வைக்க அவளால் முடியவில்லை.

"நான் உதைச்சேன்," என்றாள்.

"என்னது?"

"பதினாறுல. பந்து வேருக்குள்ள மாட்டிக்கிச்சு. நான்தான் இடது காலால வெளிய தள்ளினேன்."

முதலில் வாயைத் திறந்தவர் டெல்மர்தான்.

"அட விடுடா! நாங்க யாரும் பாக்கலியே!"

"நானுந்தான் பாக்கல," என்றார் லோவெல்.

ஒருவர் களுக்கென்று சிரிக்க, மொத்தக் கூட்டமும் சிரித்துவிட்டது. லோவெல் சிரிக்கவில்லை. "எண்பத்தொண்ணுன்னு மாத்து," என்று டெல்மரிடம் சொல்லிவிட்டு, தடவிப்பார்த்துத் தோராயமாக ஓர் இடத்தில் கையெழுத்துப் போட்டார். அது கோட்டுக்கு மேலே ஏறி டெல்மர் பெயரின்மீதே விழுந்தது. டெல்மர் சூட்டுக்கோலை அடுப்பிலிருந்து எடுத்து வைத்தார்.

வீடு திரும்பும்போது ஆர்டிஸ் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் காரை ஓட்டினாள்.

"உதைச்சது போகட்டும்," என்றார் லோவெல். "நல்ல இடத்துல கிடக்குன்னு சொன்னே பாரு, அதுதான் வலிக்குது. எனக்கு இருக்கறது உன் வாய்ச்சொல்லு ஒண்ணுதானே, ஆர்டிஸ்."

"இனிமே டெல்மரைக் கூட்டிட்டுப் போ. நான் வரல."

அன்று இரவு இருவரும் சீக்கிரமே படுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஞாயிறு. தேவாலயத்தில் வழக்கம்போல் இடப்பக்கம் ஐந்தாம் வரிசை. ஆராதனையின் தொடக்கத்தில் எல்லோரும் எழுந்து நின்று, ஒரே குரலில் தங்கள் பாவங்களை அறிக்கையிட்டார்கள். ஆர்டிஸ் தலைகுனிந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று விலாவில் ஒரு முழங்கை இடித்தது.

"இடது காலையும் சேர்த்துச் சொல்லு," என்று காதோரம் கிசுகிசுத்தார் லோவெல்.

ஆர்டிஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வெடித்துவிட்டது. முன்வரிசை முழுக்கத் திரும்பியது.

"ஐயையோ! பாஸ்டர் அம்மா பாத்துட்டாங்களா?" என்றார் லோவெல்.

இல்லை என்று சொல்ல ஆர்டிஸுக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"பாத்துட்டாங்க. முறைக்கிறாங்க."

லோவெல் அந்தக் கணமே விறைப்பாக நிமிர்ந்து நின்று, முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டார். பிறகு உதட்டை அசைக்காமல் பேசினார்.

"செவ்வாக்கிழமை ஒன்பது மணிக்கு ஆட்டம். நீதான் வண்டி ஓட்டற."

"டெல்மரைக் கூப்பிடச் சொன்னேனே?"

"அவன் பேச்சை எவன் நம்பறது?" என்று சொல்லிவிட்டு, தன்னால் படிக்க முடியாத பாட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் நீட்டினார். "எந்தப் பக்கம்னு பாத்துச் சொல்லு."