பரிசோதனைக்கு முந்தின வாரம்

"இந்த வாரம் நீயே பால் கற," என்றேன். நெவில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"திங்கக்கிழமை டாக்டரைப் பாக்கணும். ஞாபகம் இருக்கில்ல?"

"அதனாலதான் சொல்றேன்."

நெவில் என் வீட்டுக்காரன். அவனுக்குப் பதினேழு வயதில் எலும்புப் புற்றுநோய். முழங்கால் மூட்டையும் தொடையெலும்பில் பாதியையும் எடுத்துவிட்டு உலோகம் வைத்தார்கள். அது தளர்ந்து இருபத்தொன்பதில் ஒருமுறை மாற்றினார்கள், நாற்பத்தொன்றில் மறுமுறை. ஒவ்வொரு தடவையும் மிச்ச எலும்பு குறைந்தது. இப்போது ஐம்பத்திரண்டு. வருடம் ஒருமுறை ஹோபார்ட் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். அதற்கு முந்தின வாரம் இந்த மகாராஜா சோபாவில் காலை நீட்டிவிடுவான். எங்கள் பால் பண்ணையின் நூற்றெண்பது மாடுகளோடு நான் மல்லுக்கட்டுவேன். திங்கட்கிழமை மாப்பிள்ளை போல நடந்து போய், "ஜம்முனு இருக்கு டாக்டர்" என்பான். போன வருடம் எக்ஸ்ரேயில் உலோகத்தை ஒட்டி, தளர்வின் அறிகுறியாக மெல்லிய கோடு தெரிந்தது. வலி இல்லையென்றால் பொறுத்துப் பார்ப்போம் என்றுவிட்டார் டாக்டர். நானும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த முறை ஏழு நாளும் அவனே கறந்தான். திங்கட்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது.

"எத்தனை நாளா வலி?" என்றார் டாக்டர்.

"இந்த வாரந்தான். வேலை கொஞ்சம் ஜாஸ்தி."

"ரெண்டு வருஷமா," என்றேன் நான்.

அவர் புதிய எக்ஸ்ரேயை வெகுநேரம் பார்த்தார். "நல்லாவே தளந்துடுச்சு. இன்னொரு தடவை மாத்திப் பாக்கலாம். பிடிக்க எலும்பு போதலைன்னா காலை எடுக்க வேண்டி வரும். திறந்து பாத்தாதான் தெரியும். அதுவரைக்கும் அந்தக் காலை ஊனவே கூடாது." இரண்டு ஊன்றுகட்டைகள் கொடுத்து அனுப்பினார்கள்.

திரும்பும் வழியில் வண்டியை நான் ஓட்டினேன்.

"மாட்டி விட்டுட்டல்ல," என்றான்.

"ஆமா. இத்தனை வருஷம் ஒனக்காகக் கறந்தேனே, அதுதான்டா நான் பண்ண தப்பு." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பண்ணை கேட்டருகே வண்டியை நிறுத்தி இறங்கப் போனேன்.

"ஏய், ஓட்டறவ எறங்கி எங்க கேட் தெறந்திருக்கா? உக்காரு."

பின் இருக்கையிலிருந்து கட்டைகளை இழுத்துக்கொண்டு இறங்கினான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பண்ணை ட்ரெவரின் லாரி வந்து வேகம் குறைந்தது. ட்ரெவர் தலையை நீட்டி எட்டிப் பார்த்தான். நெவில் கேட்டில் சாய்ந்து, ஒற்றைக் காலில் நின்றபடி, ஒரு கட்டையை உயரத் தூக்கி அவனுக்கு ஆட்டினான்.