வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளை

டின்சி அதைச் சொன்னபோது கத்தரீனாள் தன் புருஷனை இடது பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை அவன் தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அவள் திரும்ப மாட்டாள். பாதியில் விட்டால் பவுல்ராஜின் முழுக் கனமும் முதுகுப் புண்மேல் போய் விழும். அதனால் மகள் கதவருகே நின்று நனைந்த சாக்ஸைக் கழற்றிக்கொண்டே, "யம்மா, நான் இனிமே ஸ்கூலுக்குப் போகல. வீட்டுல இருந்தே படிக்கப் போறேன்" என்றதைக் கேட்டும் கேளாதவள்போல அவனைச் சாய்த்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, முழங்கால்களுக்கு நடுவே மடித்த சேலையைச் செருகினாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு அவளுக்குள் இறங்கியது. இறங்கியதும் முதலில் வந்தது அப்பாடா என்றொரு ஆசுவாசம். பெற்றவளுக்கு இப்படித் தோன்றலாமா என்று அடுத்த நொடியே வெட்கமாகிவிட்டது.

போன வருஷம் மே மாதம் மழைக்கு முன்னால் ஏலச்செடிகளுக்கு மேலே நிழல்மரங்களின் கொம்புகளைக் கழிக்கும் வேலை நடந்தது. உடும்பஞ்சோலைப் பக்கத்து எஸ்டேட்டுகளில் இருபத்திரண்டு வருஷம் மரம் ஏறியவன் பவுல்ராஜ். அன்றைக்கு எப்படிக் கால் வழுக்கியது என்று அவனுக்கே தெரியாது. மெடிக்கல் காலேஜில் இரண்டு மாதம் வைத்திருந்து, இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அவன் எஸ்டேட் வரிசை வீடான லயத்தின் முன்னறைக் கட்டிலில் கிடக்கிறான். கத்தரீனாள் காலை ஏழரைக்கு ஏலக்காய் எடுக்கப் போனால் திரும்ப நாலரை ஆகும். மத்தியானம் பக்கத்து வீட்டு செபமாலையம்மாள் வந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் போவாள். வயதானவள், அவளால் ஆளைத் தூக்கிப் புரட்ட முடியாது. அவனுக்கு ஈரம் தெரியாது, நாற்றம்தான் தெரியும். தெரிந்தாலும் யாரையும் கூப்பிட மாட்டான். சாயங்காலம் அவள் வரும்போது கண்ணை மூடித் தூங்குகிறவன்போலக் கிடப்பான். இரண்டு பேருக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

டின்சி சொன்னதிலும் பொய் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்புத் தமிழ் மீடியத்தில் மொத்தமே ஏழு பிள்ளைகள். கணக்கு டீச்சர் ஜூனில் மாற்றலாகிப் போனவர், பதிலுக்கு ஆள் வரவில்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே இருந்து வந்த தமிழ் டீச்சர் ஃபர்ஸானாதான் கணக்கு பீரியடிலும் வந்து உட்காருவாள். புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்வாள். சயன்ஸ் சாருக்குத் தமிழ் வராது. போர்டு நிறைய எழுதிப்போட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். டின்சி கணக்குப் புத்தகத்தை மூன்றாவது வாரமே முடித்துவிட்டாள். முடித்துவிட்டேன் என்று போய் நின்றால், அப்படியென்றால் சும்மா இரு என்றார்கள்.

"நேத்து நான் எழுதி வச்சேம்மா, பாரு" என்று நோட்டை விரித்துக் காட்டினாள். "ஏழு பீரியட். அதுல நான் புதுசாத் தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. அதுவும் எங்க கிளாஸ் சிஞ்சு சொன்னது. அவங்க வீட்டு ஆடு மூணு குட்டி போட்டிருக்கு."

கத்தரீனாளுக்குச் சிரிப்பு வந்தது. டின்சி சிரிக்கவில்லை. ஓப்பன் ஸ்கூல் என்று ஒன்று இருக்கிறதாம், பதினாலு வயது முடிந்துவிட்டால் வீட்டில் இருந்தே படித்து நேராகப் பத்தாம் கிளாஸ் பரீட்சை எழுதலாமாம். எல்லாவற்றையும் போனில் பார்த்துத் தாளில் குறித்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் போகிற எட்டு மணி நேரத்தில் நான்கு மணி நேரம் படித்தாலே போதும் என்றாள். அவள் பேசுகிற வேகமும், கண்ணில் இருந்த வெளிச்சமும் பார்த்தால் யாராலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. மாட்டேன் என்று சொன்னவன் பவுல்ராஜ்தான்.

"என்னயப் பாக்கவா நிக்கப் போற?"

"இல்லப்பா. படிக்கத்தான்."

 முகத்தைக் கத்தரீனாள் பக்கம் திருப்பினான். "ஈரத்துல கெடந்தா நான் கெடந்துட்டுப் போறேன், கத்தரி. பிள்ளைய வீட்டுல நிறுத்தாத."

கத்தரீனாள் அடுப்படிக்குப் போனாள். அரிசி களைந்தாள், தண்ணீர் வைத்தாள். ஒரு மாதம் பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் திரும்பப் போய்விட வேண்டும், டிசி எல்லாம் வாங்க வேண்டாம் என்று அங்கிருந்தபடியே சொன்னாள். அது பவுல்ராஜுக்குச் சொல்கிற சாக்கு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் முகத்தைக் காட்டாமல் சொன்னாள்.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. டின்சி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். ஒலி எப்படிப் போகிறது, வெளிச்சம் எப்படி வளைகிறது என்று அப்பனுக்குச் சொன்னாள். ஆறாம் கிளாஸோடு நின்றவன், மேலே பார்த்துக்கொண்டே கேட்பான். மரத்து உச்சியில் நின்று கூவினால் கீழே இருக்கிறவனுக்கு ஏன் பிந்திக் கேட்கிறது என்று ஒருநாள் அவன் கேட்டானாம். அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினாளாம். சாயங்காலம் இதையெல்லாம் அவள் சொல்லும்போது கத்தரீனாள் வாசல்படியில் உட்கார்ந்து பாலில்லாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தாள். வேலைவிட்டு வந்ததும் அவள் உட்கார்ந்து சாயா குடித்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. வீடு பெருக்கியிருந்தது. சோறு வெந்திருந்தது. பவுல்ராஜ் உலர்ந்த லுங்கியில் இருந்தான், கண்ணைத் திறந்திருந்தான்.

ஆடி மழை பிடித்தது. கரண்ட் போனால் மூன்று நாள் வராது. போனில் ரேஞ்ச் கிடைக்க வேண்டும் என்றால் மேட்டிலிருக்கிற சிலுவையடிக்குப் போக வேண்டும், அப்பனைத் தனியே விட்டு அவள் எப்படிப் போவாள்? குழாயில் தண்ணீர் பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்கு நின்றுவிடும், அதற்குள் பிடித்தாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அப்பனைப் புரட்ட வேண்டும். துணி காயாது, அடுப்பு மேலே கொடி கட்டி ஒவ்வொன்றாகக் காயவைக்க வேண்டும். வீட்டில் பெண் இருக்கிறாள் என்று தெரிந்ததும் கடைசி வீட்டுக்காரி தன் கைக்குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள் என்று விட்டுப் போனாள், மறுநாளும் விட்டுப் போனாள். இப்படிச் செய் என்று டின்சியிடம் யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு என்ன படித்தாய் என்று கத்தரீனாளும் கேட்பதை நிறுத்தியிருந்தாள். எந்த நாளில் நிறுத்தினாள் என்று யோசித்தால் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஒருநாள் குடைக்குத் தேடும்போது அலமாரியில் சயன்ஸ் புத்தகம் தட்டுப்பட்டது. ஓரமெல்லாம் பூஞ்சை படர்ந்து, அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்க்கப் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வருகிற பாலியேட்டிவ் சிஸ்டர் அந்த மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் வந்தாள். முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நம்பாமல் மறுபடியும் பார்த்தாள். உள்ளங்கை அகலம் இருந்த புண் சுருங்கி, ஓரத்தில் புதுத்தோல் வந்திருந்தது. யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டாள். டின்சியைக் காட்டியதும், "மிடுக்கி மோளாணல்லோ", கெட்டிக்காரப் பிள்ளைதான் என்று அவள் கன்னத்தைத் தட்டினாள். டின்சி வெட்கத்தோடு சிரித்தாள். கத்தரீனாளும் சிரித்தாள். பவுல்ராஜ் சுவர்ப் பக்கமாக இருந்தான், அவன் முகம் யாருக்கும் தெரியவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை மழையால் தோட்டத்தில் வேலை இல்லை, மத்தியானம் ஃபர்ஸானா டீச்சர் வந்தாள். சுடிதாரின் கால் எல்லாம் சேறு. மூன்று கிலோமீட்டர் ஜீப் கிடைக்காமல் நடந்தே வந்திருக்கிறாள். உட்கார்ந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கட்டிலைப் பார்த்தாள்.

"ஏனுங்க, டின்சிகிட்ட நான் கோவிச்சுக்க வரலீங்க" என்றாள் பிறகு. "பள்ளிக்கூடத்துல போரடிக்குதுன்னு சொல்லுச்சுன்னா, அது நெசந்தானுங்க. கணக்குல அது கேக்கற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல மானக்கேடா இருந்துச்சு, சும்மா இருன்னு சொல்லிப்போட்டனுங்க."

டின்சி தலைகுனிந்து நின்றாள்.

"ஊட்டுல இருந்து படிக்கறது தப்பில்லீங்க. படிச்சா நல்லதுதான். அதான் கேக்கறேன், படிக்கறியா சாமி?"

"படிக்கிறேன் டீச்சர்."

"எதுவரைக்கும் முடிச்சே?"

"நாலு பாடம்."

 இல்லை என்று சொல்ல வேண்டியவள் கத்தரீனாள்தான். பூஞ்சை பிடித்த அட்டை அவள் விரலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. டீச்சர் அவளைப் பார்த்தாள், ஒரு தாய் சொன்னால் போதும் என்பதுபோல. கத்தரீனாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "சாயா போடுதேன் டீச்சர், இருங்க" என்று எழுந்தாள்.

"பொய் சொல்லுதா டீச்சர்."

பவுல்ராஜின் குரல் அந்தச் சின்ன அறைக்கு அதிகமாக இருந்தது. "ஒரு மாசமா புத்தகத்தத் தொடல. எம் பீயத்தான் அள்ளுதா. அவளும் சொல்ல மாட்டா, அவ அம்மையும் சொல்ல மாட்டா."

டின்சியின் முகம் சிவந்து, கோணிக்கொண்டது. "நான் போனா உங்கள யாரு புரட்டிப் போடுவா?" என்று கத்தினாள். அப்பனிடம் அவள் கத்திப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு கொட்டுகிற மழையிலேயே வெளியே இறங்கிப் போய்விட்டாள்.

டீச்சர் சாயா குடிக்காமலே எழுந்தாள். திங்கட்கிழமை வரட்டும், லைப்ரரி அறைச் சாவி தன்னிடம்தான் இருக்கிறது, கணக்கு பீரியடில் அங்கே தனியே இருந்து படிக்கட்டும், தன்னால் முடிந்தது அவ்வளவுதான் என்றாள். படியிறங்கும்போது கத்தரீனாளின் கையைப் பிடித்தாள். 

குழாயடியில் நனைந்துகொண்டு நின்ற மகளைக் கத்தரீனாள் போய்க் கூட்டிவந்தாள். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏட்டி, நெசமாவே ஸ்கூல்ல போரடிச்சுதா?" என்று கேட்டாள்.

"அடிச்சுது."

துண்டுக்குள்ளிருந்து இன்னொரு வார்த்தை கொஞ்சம் பிந்தி வந்தது.

"அதுவுந்தான்."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து டின்சி அப்பனுக்குக் கஞ்சி எடுத்துவந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு நீ ஸ்கூலுக்குப் போகவில்லை என்றால் இனிமேல் திறக்க மாட்டேன் என்றான். அவள் கெஞ்சினாள், சிரிக்கவைக்கப் பார்த்தாள், கோபித்தாள். பிறகு கரண்டியை அவன் உதட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே பிடிவாதம், ஒரே மூக்கு. கஞ்சியின் மேல் ஆடை படிந்தது. கத்தரீனாள் அடுப்படியில் நின்று பார்த்தாள். யார் பக்கம் போய் நிற்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள். கடைசியில் டின்சி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கொடியில் மற்றத் துணிகளுக்கு அடியில் கிடந்த யூனிஃபார்மை எடுத்து உதறினாள். அப்போதுதான் பவுல்ராஜ் வாயைத் திறந்தான்.

திங்கள் காலை மழை சன்னமாகத் தூறிக்கொண்டிருந்தது. கத்தரீனாள் ஏழரைக்குக் கிளம்பும்போது டின்சி சட்டை மாற்றி, ஒற்றைப் பின்னலைக் கண்ணாடி இல்லாமலே பின்னிக்கொண்டிருந்தாள். பஸ் எட்டே முக்காலுக்கு. அதுவரை அப்பனும் மகளும்தான். "போயிருவேல்லா?" என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. பவுல்ராஜ் கத்தரீனாளைப் பார்த்து, "நேரமாச்சு, நீ போ" என்றான். தோட்டத்துக்கு ஏறும்போது வழக்கம்போல ஜெபம் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நின்றது. மகள் பஸ் ஏற வேண்டும் என்று கேட்பதா, இன்றைக்கு ஒருநாள் நின்றுவிட வேண்டும் என்று கேட்பதா? எதைக் கேட்டாலும் மற்றது உள்ளே இருந்து கையை நீட்டியது. அருள் நிறைந்த மரியே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஏறினாள்.

ஏலச்செடிகளுக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, தரையோடு படர்ந்த சரங்களில் விளைந்த காய்களைத் தொட்டுத் தொட்டுப் பறித்தாள். மழைக்குத் தலையோடு போர்த்தியிருந்த பிளாஸ்டிக் கொங்காணிமேல் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. காய் எடுக்கிறவர்கள் நின்ற சரிவிலிருந்து இலைகளை விலக்கினால் கீழே ரோடு மூன்று வளைவுகளில் தெரியும். நடு வளைவை ஒட்டி, பாறைக்குப் பின்னால்தான் பஸ் நிற்கிற இடம். அது மட்டும் தெரியாது. பஸ்ஸின் ஹாரன் முதலில் கேட்டது. அவள் எழுந்து இலைகளை விலக்கினாள். மேல் வளைவில் பஸ் தெரிந்தது, பாறைக்குப் பின்னால் போனது, நின்றது. இஞ்சின் சத்தம் உறுமிக்கொண்டே இருந்தது. வழக்கமாக நிற்பதைவிட அதிக நேரம் நிற்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

"கத்தரீனா, என்ன நிக்க?" என்று பக்கத்து வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

பஸ் கீழ் வளைவுக்கு வந்தது. மழைக்காக எல்லா ஜன்னல்களிலும் தார்ப்பாயை இறக்கிக் கட்டியிருந்தார்கள். நீலத் தார்ப்பாய் வரிசைக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. பின்பக்கத்து ஜன்னல் ஒன்றில் மட்டும் தார்ப்பாயின் ஓரம் மெல்ல விலகி, மெலிந்த கை ஒன்று வெளியே நீண்டது. மழை எவ்வளவு என்று பார்ப்பதுபோல உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் விரித்துப் பிடித்திருந்துவிட்டு உள்ளே போனது.