எழுத்துக்கு ஐந்தரை

கிருஷ்ணராஜ் எழுதிக் கொடுத்த தாளின் முதல் வரியைப் படித்ததுமே ஜுமானா கண்ணை மூடிக்கொண்டாள். நகரத்தில் வாகன நெரிசலைக் குறைப்பது எப்படி என்பதுதான் கேள்வி. அவர் எழுதியிருந்தது காடழிப்பைப் பற்றி. அதில் பிழையே இல்லை.

“அண்ணா, இது நீங்க எழுதினதா?”

“பாடமாக்கினது டீச்சர். யூடியூப்ல பதினாலு கட்டுரை இருந்திச்சு. நெரிசல் அதுல இல்ல. அதான் கிட்ட வர்ற மாதிரி ஒண்ணப் போட்டேன்.”

இலங்கையின் யட்டியாந்தோட்டை பஸாரில் தன் வாப்பாவின் கடைக்கு மேல்மாடியில் ஜுமானா, வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சைக்கு வகுப்பு நடத்திவந்தாள். அவளிடம் படித்தவர்களில் கிருஷ்ணராஜ்தான் வயதில் மூத்தவர், முப்பத்தொன்பது. அவளைவிடப் பன்னிரண்டு வயது அதிகம். கித்துல்கலையில் சுற்றுலாக்காரர்களை ஆற்றில் படகில் கூட்டிப்போகும் ராஃப்டிங் கைட். பக்கத்து இறப்பர் தோட்டத்தில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தோட்டப் பள்ளியில் ஆங்கிலத்துக்கு ஆசிரியரே இருந்ததில்லை. அவர் பேசும் ஆங்கிலம் முழுவதும் படகில் ஏறிய வெளிநாட்டுக்காரர்களிடம் கேட்டுப் பழகியது. நியூசிலாந்தில் ஒரு படகுக் கம்பெனி அவரை எடுக்கத் தயாராக இருந்தது. பரீட்சையின் நான்கு பகுதிகளிலும் ஒன்பதுக்கு ஆறு வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பேச்சில் ஏழு எடுத்தவர் எழுத்தில் இரண்டு முறையும் நாலரையில் நின்றுவிட்டார். மூன்றாவது பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம்.

“பாடமாக்க வேணாம்னு எத்தன தரம் சொல்லிட்டேன்? நாலு மாசமா இதே கதை. எனக்கு ஏலாது அண்ணா!” ஜுமானா தாளை மேசையில் எறிந்தாள்.

கிருஷ்ணராஜின் முகம் சிவந்தது.

“பதினோரு வருஷமா இங்கிலீஷ்லதான் ஆளுங்கள ஆத்துல எறக்கி ஏத்துறேன். படகு கவுந்தா என்ன செய்யணும்னு சொல்றேன். கேட்டவன் ஒருத்தனும் சாகல. அந்த இங்கிலீஷுக்கு நாலரையாம்!”

ஜுமானா தன் போனில் ரெக்கோடரைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

“எழுத வேணாம். நெரிசலுக்கு என்ன செய்யலாம்னு எனக்குச் சொல்லுங்க. இங்கிலீஷ்ல.”

மூன்று நிமிடம் பேசினார். அவிசாவளை வீதி, பள்ளிக்கூட வேன்கள், பஸ்ஸுக்குத் தனிப் பாதை. காரணம் காரணமாக, தெளிவாக.

“இப்ப அதக் கேட்டு எழுதுங்க.”

ஆறு வாக்கியம் எழுத ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. எளிய சொற்களில்கூட ஓர் எழுத்து காணாமல் போனது. முற்றுப்புள்ளி என்பதே அவருக்கு இல்லை. வாய்க்கு வந்த மொழி கைக்கு வரவே இல்லை என்பது ஜுமானாவுக்கு அன்றுதான் புரிந்தது. நான்கு மாதம் இதைக் கவனிக்காமல் இலக்கணம் நடத்தியிருக்கிறோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அதன் பிறகு தினமும் பேசுவதும் அதையே எழுதுவதுமாகப் போனது. ஆறு பெருகிப் படகு நின்ற வாரம் தவறாமல் வந்தார். வெயில் அடித்தால் வெள்ளைக்காரர்கள் வந்துவிடுவார்கள்; வகுப்பு போய்விடும். ஜுமானா காத்திருந்து, “சொல்லிட்டாவது வராம நிக்க ஏலாதா?” என்று வொய்ஸ் அனுப்புவாள். பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு நாற்பது நிமிடத்துக்கான ஒரு கட்டுரையை நாற்பத்துமூன்று நிமிடத்தில் முடித்தார். இன்னும் பல சொற்களில் பிழை. ஆனால் எல்லாம் அவருடைய வாக்கியம்.

முடிவு வந்த அன்று போனை நீட்டினார். கேட்டல் ஏழு. வாசிப்பு ஆறு. பேச்சு ஏழரை. எழுத்து ஐந்தரை.

“அரைதான் கொறஞ்சிச்சு டீச்சர்.”

“கம்பெனிக்காரங்களுக்குச் சொன்னீங்களா?”

“சொன்னேன். இந்த சீசனுக்கு வேற ஆள் எடுத்துட்டாங்களாம். அடுத்த வருஷம் கேட்டுப் பாக்கச் சொல்றாங்க.”

ஜுமானாவுக்கு அழுகை வந்தது. யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. “ஆரம்பத்துலயே நான் கவனிச்சிருக்கணும் அண்ணா. கவனிச்சிருந்தா கிடைச்சிருக்கும்.”

கிருஷ்ணராஜ் மறுக்கவில்லை. “ஆமா டீச்சர்,” என்றார். “நானும் அந்தப் பதினாலயும் பாடமாக்காம இருந்திருக்கணும்.”

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“வியாழக்கிழம வாறேன். அன்னிக்கு கேள்விய நீங்க எழுதித் தாங்க, யூடியூப்ல இல்லாததா.”

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. அவர் முகத்தை மறுபடி பார்க்கக் கூசி, வியாழக்கிழமை அவர் வராமல் இருந்தால் நல்லது என்று ஜுமானா ஒரு கணம் நினைத்தாள். பிறகு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, கேள்வியை யோசிக்கத் தொடங்கினாள்.