அடுப்போர இடம்

தம்பி கியால்சென் உள்ளே நுழைந்ததும் லாமு அவனை அடுப்போரம் உட்காரவைத்தாள். அது பெரிய மனிதர்களின் இடம். அங்கிருந்து வாசல்வரை நீளும் பலகையில் மரியாதை படிப்படியாகக் குறையும். நேற்றுவரை அங்கே உட்கார்ந்த அவள் கணவன் மிங்மார், யாரும் சொல்லாமலே வாசலோரம் நகர்ந்துகொண்டான்.

இருவரும் ஒரே நாளில், ஒரே சிகரத்துக்கு வெள்ளைக்காரர்களை அழைத்துப் போனவர்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மேகத்தைப் பார்த்து மிங்மார் தன் ஆட்களைத் திருப்பிவிட்டான். சற்று நேரத்தில் வானம் பளிச்சென்று வெளுத்தது. கியால்சென் ஏறிவிட்டான்.

"மேகம் 'பே'ன்னுச்சாம், நம்ம மிங்மாரு ஓடியாந்துட்டாராம்!" என்று சிரித்தான் பக்கத்து வீட்டு ஆங் நீமா.

"வந்தவங்கள முழுசாக் கூட்டியாந்தேன்ல?" என்றான் மிங்மார்.

காலையில் அவன் இதையே சொன்னபோது லாமு கேட்டிருந்தாள்: "யாக் மேய்க்கிறவன்கூடத்தான் முழுசா ஓட்டியாறான். அவனுக்கா ஊரு மால போடுது?"

இப்போது தம்பியின் கோப்பையில் சாங் என்னும் தானியக் கள்ளை நிரப்பினாள். குடிக்கக் குடிக்க மூன்று முறை ஊற்றுவதுதான் உபசாரம். முதல் கோப்பையே அப்படியே இருந்தது. அவன் கைகள் சட்டைக்குள் இருந்தன.

"குடிடா. மல ஏறுனதும் மண்டக்கனமும் ஏறிடுச்சா?"

"அப்புறமாக்கா..."

விளையாட்டாய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கட்டுப் போட்ட கை வெளியே வந்தது. கட்டுக்கு வெளியே விரல்நுனிகள் அடுப்புக்கரியாய்க் கறுத்திருந்தன.

"எறங்கும்போதுதான் பனிக்காத்து புடிச்சு வெரலெல்லாம் மரத்துப்போச்சுக்கா. அத்தான் பயந்த அதே மேகம் கொண்டாந்த காத்து."

"எத்தன வெரல எடுக்கணும்டா?"

"டாக்டரு இன்னும் சொல்லல."

லாமுவின் கண்கள் வாசலோரம் ஓடின. மிங்மாரின் விரல்கள் கோப்பையைச் சுற்றி முழுசாக இருந்தன. அப்பாடா என்றது மனம். கூடப்பிறந்தவன் கை கருகிக் கிடக்கையில் முதலில் வந்தது அதுதான். சீ, நானும் ஒரு அக்காவா என்று கூசிப்போனாள். காலையில் கேட்டதும் நினைவுக்கு வந்தது. இரண்டு பேரில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"மேல வா மிங்மாரு, இங்க ஒக்காரு," என்று ஆங் நீமா அவசரமாக இடம்விட்டான்.

மிங்மார் எழுந்து வந்தான். உட்காரவில்லை. தம்பியின் கோப்பையை எடுத்து அவன் வாயருகே பிடித்தான். "மெதுவா, மச்சான்."

கோப்பை காலியானது. இரண்டாவது முறை ஊற்ற வேண்டும். லாமு கூஜாவைச் சாய்த்தாள். கோப்பை நிறைந்தும் நிறுத்த மறந்தாள். சாங் வழிந்து கணவனின் விரல்களை நனைத்து, தம்பியின் வெள்ளைக் கட்டின்மேல் சொட்டியது.