சீப்புக்கு வளைந்த பீலி

முதலில் சத்தியம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் வாசலில் கற்பூரத்தை ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உள்ளங்கை இன்னும் எரிகிறது. இதில் ஒரு சொல் பொய்யென்றால், எழுபத்து நான்கு வயதில் எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இன்றைக்கே விழட்டும். தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். கொட்டகலையில் பஸ் ஏறித் தூங்காமல் வந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் ஏழாம் நம்பர் மலையில் ஒரு பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் விழுகிறது. அதைப் பீலி என்போம். மழைக்காலத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி விழும். தை மாதத்தில், பனி கொட்டிப் புல்லெல்லாம் கருகுகிற நாட்களில், சுண்டுவிரல் தடிமனுக்கு இறங்கிவிடும். அது விழுகிற இடத்தில் கத்தி முனை மாதிரி ஒரு கல். கல்லுக்கு இடப்பக்கம் விழுந்தால் தண்ணீர் துரையின் பங்களாவுக்குப் போகும். வலப்பக்கம் விழுந்தால் எங்கள் லயங்களுக்கு வரும், முப்பத்தெட்டு வீடுகளுக்கு. அந்தக் காலத்திலிருந்து இரண்டு பக்கமும் சரிபாதியாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. போன வருட மண்சரிவில் பாறை கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றிலிருந்து முழுத் தண்ணீரும் பங்களாவுக்கு.

பங்களா இப்போது ஹோட்டல். வெள்ளைக்காரர்கள் வந்து, ஆள் நீளத் தொட்டியில் படுத்துக் குளித்துவிட்டு, எங்கள் மலையைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

நாங்கள் முந்நூறு படி இறங்கி ஆற்றில் மொண்டோம். பெரியவர்கள் மொள்ளலாம். பிள்ளைக் காம்பராவில் இருந்த பத்தொன்பது குழந்தைகளுக்கு யார் மொள்வது? தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. அங்கே ஆயாவாக இருந்தவள் தனுஷிகா, இருபத்து நாலு வயது. காலையில் நாலு நடை, மதியம் நாலு நடை ஏறி இறங்கினாள். தண்ணீர் இல்லாத காம்பராவை மாதக் கடைசியில் மூடிவிடப் போவதாகத் தோட்டத்து ஆபீசிலிருந்து சொல்லியனுப்பினார்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடி நிற்கும்போது, மலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா கஜேந்திரன் ஒரு கடிதத்தை வாசித்தார். துரை கையெழுத்துப் போட்ட கடிதம். பீலித் தண்ணீரில் யாரும் கல், தகரம், மூங்கில், குழாய், கை எதுவும் வைக்கக்கூடாது. திங்கட்கிழமை டவுனிலிருந்து அதிகாரி வருவார். அவர் பார்க்கும்போது தண்ணீர் தானாக எந்தப் பக்கம் விழுகிறதோ, இனிமேல் அந்தப் பக்கத்துக்கே அது சொந்தம்.

"நாங்க யாருகிட்டயும் புடுங்கல" என்றார் கஜேந்திரன். "தண்ணி அதும்பாட்டுக்குப் போவுது. இயற்கை."

கொழுந்துப் பெண்களுக்கெல்லாம் வாயாக இருக்கிற நாகலெட்சுமி கூடையை இறக்கி வைத்தாள். "போன வருசம் வரைக்கும் ரெண்டு பக்கமும் போச்சுங்களே ஐயா. அப்ப இயற்கை லீவுல இருந்துச்சுங்களா?"

கஜேந்திரன் கடிதத்தை மடித்துக்கொண்டார். தனுஷிகா மட்டும் அதைக் கேட்டு வாங்கி மறுபடி வாசித்தாள். வாசித்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு எல்லாரும் காம்பராப் பக்கம் வாங்க. இதுல சீப்பப் பத்தி ஒன்னும் எழுதல."

தனுஷிகாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் உயர்தரத்தில் இரசாயனவியலை மூன்று முறை எழுதி மூன்று முறையும் தவறினவள். ஆகவே எங்கள் தோட்டத்தில் அந்தப் பாடத்தை அவளளவுக்குப் படித்தவர்கள் யாருமில்லை. ஒரே தடவையில் பாஸ் ஆனவன் ஒரு தடவைதானே படித்திருப்பான்.

சனிக்கிழமை, ஒரு பால் டின்னின் அடியில் ஆணியால் துளையிட்டு, தண்ணீர் ஊற்றி, காம்பராக் கூரையில் தொங்கவிட்டிருந்தாள். தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது. காய்ந்த தலைமுடியைப் பிளாஸ்டிக் சீப்பால் பத்துத் தடவை வாரி, சீப்பை அந்த நூலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தொடவில்லை. தண்ணீர் சீப்பைப் பார்த்து வளைந்தது. சீப்பை எடுத்தாள். நேராகிவிட்டது.

"பேயி" என்றான் என் சேக்காளி மாயாண்டி.

"பேயி இல்ல தாத்தா. ஒட்சிசன்." அவள் விரலை மடக்கிக் காட்டினாள். "தண்ணியில ஒரு ஒட்சிசன், ரெண்டு ஐதரசன். அதுங்க இலத்திரனப் பங்கு போட்டுத்தான் பிணைஞ்சு நிக்கும். ஆளுக்குப் பாதின்னுதான் பேச்சு. ஆனா ஒட்சிசனுக்கு இழுவ சாஸ்தி. பொதுவுல உள்ளத தம்பக்கமா இழுத்து வச்சுக்கிரும். அதுக்கு மின்னெதிர்த்தன்மைன்னு பேரு."

"அதுக்கு எங்க ஊர்ல தொரைன்னு பேரு" என்றாள் நாகலெட்சுமி.

"இருங்கக்கா. அப்புடி இழுத்ததால ஒட்சிசன் பக்கம் கொஞ்சம் மறை ஏற்றம், ஐதரசன் பக்கம் கொஞ்சம் நேர் ஏற்றம். மொத்தத்துல பாத்தா தண்ணிக்கு ஒரு ஏற்றமும் இல்ல. ஆனா ஒவ்வொரு துணிக்கைக்கும் ரெண்டு முனை இருக்கு. ஏற்றம் புடிச்ச சீப்பு பக்கத்துல வந்தா எல்லாம் திரும்பி நின்னுக்கிட்டு இந்தப் பக்கம் வரும்."

பிறகு டின்னில் தேங்காயெண்ணெய் ஊற்றினாள். எவ்வளவு வாரியும் எண்ணெய் கம்பு மாதிரி நேராக இறங்கியது. எண்ணெயில் பெரும்பாலும் காபனும் ஐதரசனும்தானாம். அவை இரண்டும் ஏறக்குறைய ஒரே பலத்தில் இழுப்பதால் எந்தப் பக்கமும் சாய்வில்லையாம்.

"அப்ப இழுத்துப் பறிச்சா மட்டுந்தான் திரும்பும்" என்றாள் நாகலெட்சுமி. "நல்லாத்தான் இருக்கு ஒம் பாடம். நாங்களும் திரும்புவோம்."

நாற்பது பெண்கள், நாற்பது சீப்பு என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆற்றில் தலை முழுக வேண்டும், யாரும் எண்ணெய் வைக்கக்கூடாது, எண்ணெய்த் தலையில் சீப்புக்கு ஏற்றம் பிடிக்காது என்று தனுஷிகா வீடு வீடாகச் சொன்னாள். ஞாயிறு மாலை நான் என்ன செய்தேன் என்பது கதைக்குத் தேவையில்லை.

திங்கட்கிழமை காலை மலையில் தனுஷிகா நின்ற நிலையைப் பார்க்க வேண்டும். நாற்பது பெண்களும் வரிசையாக ஏறி வருகிறார்கள். நாற்பது தலையும் வெயிலில் பளபளக்கின்றன. நெற்றி வரைக்கும் எண்ணெய். நாகலெட்சுமி செவ்வந்தியும் வைத்திருந்தாள்.

"அக்கா, என்னா இது?"

"அதிகாரி வாராரும்மா. எண்ணெ வைக்காத தலையோட எழவு வீட்டுக்குத்தான் போவாங்க. கொஞ்சூண்டுதான் வச்சோம்."

தனுஷிகாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்குள் கீழே ஜீப் சத்தம் கேட்டது. கஜேந்திரன் முன்னால் வழிகாட்ட அதிகாரி குடையை ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார். தனுஷிகா சுற்றிப் பார்த்தாள். அவள் பார்வை என் மேல் நின்றது. என் முகத்தில் அல்ல, அதற்கு மேலே.

"தாத்தாமாரெல்லாம் இங்க வாங்க. அந்தக் கம்பளித் தொப்பியக் கழட்டாதீங்க. கம்பளியிலயும் ஏற்றம் புடிக்கும்."

பென்ஷன்காரர்கள் பதினொரு பேர் வந்திருந்தோம். பனிக்குப் பயந்து வருடத்தில் பத்து மாதம் கழற்றாத தொப்பி. எங்களைக் குந்த வைத்து, தலைக்கு மூன்று நாலு பேராக நாற்பது பெண்கள் தொப்பியைச் சீப்பால் தேய்த்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. மாயாண்டி தலையிலிருந்து நீலப் பொறி பறந்தது. எட்டாம் நம்பர் மலைக் கொழுந்தெல்லாம் எங்கள் பக்கம் சாய்ந்து நின்றது. கஜேந்திரனின் இடப்பக்க மீசை மட்டும், கொழுந்துக்கு மட்டம் பார்க்கிற மட்டக்கம்பு மாதிரி நீட்டிக்கொண்டது. அதை அவர் இரண்டு தரம் தடவி விட்டும் படியவில்லை.

தேய்த்து முடிந்ததும் எனக்கு முழங்கால் வலி. பாறைக்குப் பின்னால், செடி மறைவில் ஓர் இடம் பார்த்து நின்றுகொண்டேன்.

அதிகாரி பீலியைப் பார்த்தார். தண்ணீர் இடப்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றாள் தனுஷிகா. பெண்கள் வலப்பக்கம் நெருங்கி நாற்பது சீப்பையும் நீட்டினார்கள்.

"கை வைக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கு" என்று கஜேந்திரன் கத்தினார்.

நாகலெட்சுமி திரும்பக்கூட இல்லை. "கை எங்கிட்டத்தான் இருக்குங்க ஐயா. தண்ணி அங்க இருக்கு. நடுவுல ஒரு சாண் காத்து. காத்தும் தொரையோடதுங்களா?"

தண்ணீர் நடுங்கியது. நூலளவு நகர்ந்தது. தனுஷிகா என் பக்கம் பார்த்து, "தாத்தா, ஒக்காருங்க, விழுந்துறப் போறீங்க" என்றாள். பெரியவர்களிடம் மரியாதையுள்ள பெண். உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் பீலி கத்திக்கல்லின் முனையைத் தாண்டி, வலப்பக்கம் தொப்பென்று விழுந்தது. அதிகாரியின் கையிலிருந்த துரையின் கடிதம் பறந்துபோய் நாகலெட்சுமியின் சீப்பில் ஒட்டிக்கொண்டது. பங்களாவில் தொட்டியில் படுத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் தலை நிறைய நுரையோடு முற்றத்துக்கு வந்ததை மேலிருந்தே பார்த்தோம்.

"சீப்ப எடுக்கச் சொல்லுங்க சார், தண்ணி தானா இங்கிட்டு வந்துரும்" என்றார் கஜேந்திரன்.

அது நியாயமான பேச்சு. தனுஷிகா நாற்பது சீப்பையும் ஒரு தரம் பார்த்தாள். அவளுக்குப் பாடம் தெரியும். சீப்பு போனால் வளைவும் போகும்.

அதிகாரி சிங்களத்தில் சீப்புகளை இறக்கச் சொன்னார். நாற்பது கையும் இறங்கின. தண்ணீர் வலப்பக்கமே விழுந்தது. அதிகாரி தன் கடிகாரத்தில் பத்து நிமிடம் பார்த்தார். வலப்பக்கமே.

"ஹரி" என்றார், சரி என்று. நாகலெட்சுமியின் சீப்பில் ஒட்டிய கடிதம் பிரிந்து வராததால், சீப்பின் மேலேயே வைத்து அதில் கையெழுத்துப் போட்டார்.

நாகலெட்சுமி சீப்பைக் கொண்டையில் செருகிக்கொண்டாள். "தொரைகிட்டச் சொல்லுங்க ஐயா. தண்ணி அதும்பாட்டுக்குப் போவுது. இயற்கை."

எல்லாரும் இறங்கிப் போன பிறகு தனுஷிகா என்னிடம் வந்தாள். "வீரய்யா தாத்தா, சீப்பு இல்லாம அது அங்க நிக்காதே. பாடத்துல அப்புடி இல்லையே."

"நீ மூனு தடவ பெயிலான பாடந்தானே ஆயி" என்றேன். "தண்ணிக்கும் ரோசம் உண்டு. ஒருக்கா திரும்பினா திரும்பினதுதான்."

அவள் நம்பவில்லை. ஆனால் அன்று பத்தொன்பது குழந்தைகளையும் பீலித் தண்ணீரில் குளிப்பாட்டினாள். காம்பரா இன்றும் திறந்திருக்கிறது. நான் சாயங்காலம்தான் எழுந்தேன். என் இடம் காலியாக இருக்கக்கூடாது என்று மாயாண்டி ஒரு பெரிய பாறாங்கல்லை அங்கே உருட்டி வைத்தான்.

நான் உட்கார்ந்த இடம், ஞாயிறு மாலை பீலிப் பாறைக்கு அடியில் நானே செருகி வைத்த ஆறடி இரும்பு அலவாங்கின் மறுமுனை.