அப்பாசாமியின் இடது கை

அதற்காகத்தான் இருக்கும், வேறு எதற்காக இருக்கப் போகிறது, பத்து மணிக்கு முதலாளி உங்களைப் பார்க்கணுமாம், அப்பாசாமி விஷயமாம் என்று காலையில் யூசுப் வந்து சொன்னபோதே, வேலையை விட்டு நிறுத்தத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, யூசுப் முதலாளியின் தங்கை மகன், கம்பெனிக்கு வரும் கடிதங்களைப் பார்ப்பவன், அவன் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, கல்யாணச் செய்தியையும் சாவுச் செய்தியையும் ஒரே குரலில் சொல்லுவான்... இப்போது மணி ஒன்பது ஐம்பது, நான் முன்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து கஜா பேராங் சாலையில் போகிற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மெர்டேக்கா, சுதந்திர விழா, முடிந்து மூன்று வாரமாகியும் எதிர்க்கடையில் காகிதக் கொடிகளை இன்னும் அவிழ்க்கவில்லை, மழையில் சாயம் இறங்கி சிவப்பெல்லாம் வெள்ளையில் கலந்து கிடக்கிறது, அச்சுத்தொழில் செய்கிறவன் கண்ணில் இதுதான் படும், நாடு சுதந்திரம் அடைந்ததைவிட மை மட்டமாக இருப்பது பெரிசாகத் தெரியும், அடேய் சேதுபதி, இன்றைக்கு உன் வேலை போகப் போகிறது, நீ கொடியின் மையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திரு.

அப்பாசாமி ஆள் இல்லை, காகிதத் தபால்காரர். எங்கள் ‘மூன்று மீன்’ கம்பெனி பிள்ளைகள் விளையாடும் தாள்களை அச்சடிக்கிறது, ஏணியும் பாம்பும், ஆடும் புலியும், தாயக்கட்டை உருட்டி விளையாடும் குதிரைப் பந்தயம், எல்லாம் ஒரே தாள், மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம், படம் போடுவது நான், இருபது வருஷமாக நான்தான். ஐம்பத்து நான்கில் ‘தபால் அப்பாசாமி’ என்று ஒரு தாள் போட்டோம், காக்கிச் சட்டை, பெரிய மீசை, பழைய சைக்கிள், தெங்கேராவில் புறப்பட்டு மலாக்கா டவுனைச் சுற்றி புக்கிட் காதில் வரை வீடு வீடாகக் கடிதம் கொடுத்துக்கொண்டு போவார், நாய் துரத்தினால் மூன்று கட்டம் பின்னால், டயர் பஞ்சரானால் ஒரு ஆட்டம் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு, அதற்குப் போய் மலாயா முழுக்கப் பிள்ளைகள் பைத்தியமானார்கள். ஒரே தாள்தான். அதற்கப்புறம் மூன்று வருஷமாக ஒன்றும் இல்லை. ஈப்போவிலிருந்து எழுதுகிறார்கள், கிள்ளானிலிருந்து எழுதுகிறார்கள், அப்பாசாமி எங்கே, அடுத்த தாள் எப்போது, ஒரு பொண்ணு நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து அப்பாசாமி மாமாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டிருந்தாள், அதை மட்டும் யூசுப்பிடமிருந்து வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுகிறார்கள், காகிதத் தட்டுப்பாடு என்கிறான் ஒருவன், தபால் இலாகாவிலிருந்து ஆட்சேபம் வந்ததாம் என்கிறான் இன்னொருவன், என் மனைவி கமலவேணி, உங்களுக்குச் சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

சோம்பேறித்தனமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். காரணம் எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும், அது ஒரு தவறு, மட்டமான தவறு, தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் செய்ய வேண்டியது, பதினேழு வருஷம் கழித்துச் செய்தேன். கல்லச்சில் கல்லின்மேல் எதை வரைந்தாலும் இடம் வலமாக மாற்றித்தான் வரைய வேண்டும், காகிதத்தில் விழும்போது அது திரும்பிச் சரியாக வரும், அதற்காகவே மேசைமேல் ஒரு கைக்கண்ணாடி வைத்திருப்பேன், அவ்வப்போது கல்லைக் கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எழுத்தையெல்லாம் மாற்றி எழுதினேன், சாலையை மாற்றினேன், வீடுகளை மாற்றினேன், நாயைக்கூட மாற்றினேன், அப்பாசாமியை மட்டும் மறந்தேன். ஆயிரக்கணக்கில் அடித்து மூட்டை கட்டி அனுப்பின பிறகு தெங்கேராவிலிருந்து ஒரு கடைக்காரர் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார், என்னங்க இது அநியாயம், உங்க போஸ்ட்மேன் இடது கையால கல்யாணப் பத்திரிகை கொடுக்கிறான், எந்த வீட்டுல வாங்குவாங்க? பார்த்தேன். அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தார் அப்பாசாமி. முதல் வீட்டுக்கு, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை, சிரித்த முகத்தோடு, இடது கையால்.

செத்தேன் என்று நினைத்தேன், சாகவில்லை, அதுதான் வேடிக்கை. பிள்ளைகள் அதையே ஒரு விதியாக்கிவிட்டார்கள், அப்பாசாமி வீட்டுக்கு வந்தால் இடது கையை நீட்டித்தான் கடிதம் வாங்க வேண்டும், மறந்துபோய் வலது கையை நீட்டினால் தோற்றாய், அம்மாக்கள் திட்டத் திட்டப் பிள்ளைகளுக்கு இன்னும் குஷி, வீட்டில் செய்யக்கூடாததை விளையாட்டில் செய்யலாம் என்றால் விடுவார்களா. முதலாளி ஜெய்னுலாப்தீன் என்ன செய்தார், கம்பெனி ஆண்டு விருந்தில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, இது நம்ம சேதுவோட மூளை என்று சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்தப் பொன்னாடை இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. துணி எடுக்கும்போதெல்லாம் மேலே கிடக்கிறது, சனியன்.

அதற்கப்புறம் வேண்டுமென்றே இடது கையை வரையப் பார்த்தேன், முடியவில்லை. கல் கல்லாகத் தேய்த்து அழித்தேன். முதல் தாளில் அந்தக் கட்டைவிரல் பின்பக்கமாக வளைந்து கடிதத்தை இடுக்கியிருக்கும், அது எங்கிருந்து வந்ததோ, மறுபடி வரவே இல்லை, வரைந்ததெல்லாம் மரக்கை. இதைப் போய் யாரிடம் சொல்வது, கண் எரிகிறது என்றேன், கல் சரியில்லை என்றேன், நீல மை வரட்டும் என்றேன், மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன்... ஆனால் ஒன்று, முதலாளி ஏன் ஒரு தடவைகூட அதட்டிக் கேட்கவில்லை? ஒரு ரீம் காகிதம் வீணானால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனுஷர், கம்பெனியிலேயே நன்றாக ஓடின சரக்கை, சரி சேது, பிறகு பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுவாரா? தெரிந்திருக்கிறது. அதுதான். எப்போதோ தெரிந்திருக்கிறது, மேடையில் புகழ்ந்துவிட்டோமே என்று பொறுத்துக்கொண்டிருக்கிறார், இன்றைக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. கமலவேணியிடம் என்ன சொல்வேன்? நாற்பத்தாறு வயதில் கல்லச்சுக்காரனை எவன் சேர்த்துக்கொள்வான், கோலாலம்பூரில் எல்லாம் உலோகத் தகடு வந்துவிட்டதாம், கல்லை யாரும் தொடுவதில்லையாம்...

“உள்ள போங்கண்ணே” என்று யூசுப் சொன்னான், அதே குரலில்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வாங்க சேது, கதவச் சாத்திட்டு உக்காருங்க” என்றார். கதவைச் சாத்தச் சொல்லி இருபது வருஷத்தில் நான் கேட்டதில்லை. மேசைமேல் முதல் அப்பாசாமித் தாள், மடிப்பெல்லாம் நைந்துபோனது, விரித்து வைத்திருந்தார். “சிங்கப்பூர்லேருந்து ஒரு கம்பெனிக்காரன் எழுதியிருக்கான். நீங்க சும்மாத்தானே போட்டு வச்சிருக்கீங்க, அப்பாசாமிய எங்களுக்குக் கொடுத்துடுங்க, நாங்க போட்டுக்கிறோம்னு கேக்குறான். கொடுத்துடவா?” கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது, எவனோ வரைந்துகொள்ளட்டும், என் மரக்கை யாருக்கும் தெரியாது, இப்படித்தான் முதலில் தோன்றியது, உடனே அந்தப் பொண்ணின் கடிதம் ஞாபகம் வந்தது, யாரோ ஒருவன் என் அப்பாசாமிக்கு மீசை வைப்பதா... “உங்க இஷ்டம் முதலாளி” என்றேன்.

“என் இஷ்டம் கெடக்கட்டும். கொடுக்கிறதுக்கு முன்னால ஒண்ணு தெரிஞ்சாகணும். மூணு வருஷமா கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன்.” தாளின்மேல் விரலை வைத்தார். “இது நான்தானே?”

எனக்குப் புரியவில்லை. அவருக்கு அப்படி மீசைகூடக் கிடையாது, தாடிதான். விழித்தேன்.

“நடிக்காதீங்க லா, சேது. புரூப் பாத்துக் கையெழுத்துப் போட்டது யாரு? நான்தானே? எனக்கு ஒரு தப்பும் தெரியலையே! அந்தத் தெங்கேரா ஆளு வந்து சத்தம் போட்டாரு பாருங்க, அப்பத்தான் எனக்கே தெரிஞ்சிச்சு, இது இடது கைன்னு. ஏன் தெரியல? நான் பொறவியே இடது கை. சின்ன வயசுல ஓதப் போன எடத்துல லெப்பை பிரம்பால அடிச்சு அடிச்சு மாத்தி விட்டாரு. எம் பொஞ்சாதிக்குக்கூடத் தெரியாது. நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க, படமாப் போட்டு ஊரு சிரிக்க வச்சுட்டீங்கன்னு நெனச்சேன். கோவிச்சுக்கவும் முடியாது, கோவிச்சா ஆமா நான்தான்னு ஆயிடும்ல? அதான் பொன்னாடை போத்துனேன். அதுக்கப்புறம் அப்பாசாமின்னாலே எனக்கு ஒதறல். நீங்களும் கண்ணு எரியுதுன்னீங்க, நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்.”

முதலாளிக்குக் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன், எனக்கு என்ன ஆயிற்றோ, இருபது வருஷத்து மரியாதையெல்லாம் எங்கே போயிற்றோ, சிரிப்பு வந்துவிட்டது, அடக்க அடக்க வருகிறது, வாயைப் பொத்திக்கொண்டு, “முதலாளி, அது தப்பு முதலாளி, வெறும் தப்பு, கல்லுல மாத்தி வரைய மறந்துட்டேன்” என்றேன். “தப்பா?” “தப்புதான்.” “வேணும்னு இல்லியே?” “முருகன் சத்தியமா இல்ல முதலாளி. உங்களுக்கு இடது கைன்னே எனக்கு இப்பத்தான் தெரியும்.” அவர் என்னையே பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார், மேசை ஆடியது, யூசுப் கதவைத் தட்டி என்ன மாமா என்று கேட்டான், ஒண்ணுமில்ல போ என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம். “ஒரு தப்புக்குப் பொன்னாடை போத்துன ஒரே மொதலாளி நான்தான்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சிங்கப்பூர்க்காரனுக்குக் கெடையாதுன்னு எழுதிடுவோம். நம்மகிட்டயே இருக்கட்டும். புது நாடு, புது தபால்தலை, அப்பாசாமிக்கு வேலை இல்லாமலா போயிடும்?” என்று சொல்லிக்கொண்டே பென்சிலை எடுத்தார், சாத்தின கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு அதை இடது கைக்கு மாற்றினார், சிங்கப்பூர்க் கடிதத்தின் மூலையில் மெதுவாக ‘இல்லை’ என்று எழுதினார், எழுத்து அழகாக இருந்தது. அதன்பிறகு என்னைப் பார்த்துச் சின்னப் பிள்ளைபோல் வெட்கப்பட்டார். “அடிபட்ட விரலு இன்னும் வளைஞ்சேதான் இருக்கு, பாருங்க” என்று நீட்டிக் காட்டினார்.

வெளியே வந்தேன். வேலை போகவில்லை, மானம் போகவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, சாலையைத் தாண்டிக் கோப்பிக்கடையில் உட்கார்ந்தபோது உடம்பே லேசாக இருந்தது, மூன்று வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறேன், இப்போதுதான் விடுகிறேன், அப்பா, என்ன சுகம். கொடிகளின் மைகூட அவ்வளவு மோசமில்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கமலவேணியிடம் முதல் வேலையாக அந்தப் பொன்னாடையைத் தலையணை உறையாகத் தைக்கச் சொல்ல வேண்டும், நிம்மதியாகத் தலைவைத்துப் படுக்கலாம். அடுத்த தாளில் அப்பாசாமி எங்கே போகலாம், ரயில் ஏறலாமா, ஈப்போவுக்கே போகட்டுமே, கேட்டவர்கள் வீட்டிலேயே போய்க் கொடுக்கட்டும், இடது கையை நீட்டி, கட்டைவிரல் வளைந்து...

கட்டைவிரல். பென்சிலைப் பிடித்திருந்த அந்தக் கட்டைவிரல் பின்பக்கமாக வளைந்திருந்தது. இடது கையில் மட்டும். நான் கற்பனை செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேனே, கல் கல்லாக அழித்தும் மறுபடி வராத விரல்... எங்கே பார்த்தேன்? மைப்புட்டி. ஆமாம், ஐம்பத்து நான்கில், அந்தக் கல்லை வரைந்துகொண்டிருந்த வாரம், முதலாளி என் மேசைப் பக்கம் வந்தார், அவர் முழங்கை பட்டு மைப்புட்டி சரிந்தது, கல்லில் விழுவதற்குள் அவருடைய இடது கை பாய்ந்து பிடித்தது, கட்டைவிரல் பின்னால் வளைய, எவ்வளவு வேகம், பிடித்த கையை அவர் உடனே வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் குனிந்துகொண்டேன், அந்த நல்ல மனுஷர் எதற்கோ சங்கடப்படுகிறார் என்று குனிந்துகொண்டேன், குனிந்து எதை வரைந்தேன், அந்தக் கையைத்தானே? கண்ணாடி பக்கத்திலேயே இருந்தது. கையை நீட்டினால் எட்டும். நாய்க்குப் பார்த்தேன், வீட்டுக்குப் பார்த்தேன், அப்பாசாமிக்கு ஏன் பார்க்கவில்லை? மறந்தேன் என்றா மூன்று வருஷம் சொல்லிக்கொண்டேன்? முருகன் பெயரைச் சொல்லிச் சத்தியம் வேறு செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், அந்த மனுஷர் உள்ளே இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார், சிரிக்கட்டும், பாவம், ஐம்பது வருஷம் ஒளித்துவைத்த கை... கோப்பி வந்தது. கேலி செய்யத்தான் வரைந்தேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன், இல்லை, கேலிக்காக நிச்சயமாக இல்லை, அந்த விரல் எனக்குப் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்ல வேண்டுமா, எப்போது சொல்வது என்றுதான் தெரியவில்லை. கோப்பி சூடாக இருந்தது, இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.